சிரிப்பும் சிநேகமும்

முப்பது வயதிற்குப் பின்னர் சிநேகிதம் வாய்ப்பதில்லை, அது மனித இயல்பு என்று நமது படித்த நண்பர்கள் சிலர் அடிக்கடி கூறக் கேட்கின்றோம். ஆசிரியர் ஓய்வறையிலும் கூறுகின்றனர். இலக்கியக் கூட்டம் கலைந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் வேளையிலும் கூறுகின்றனர். இதே நண்பர்கள் இன்னொன்றையும் பெருமையோடு சொல்வர். தொலைக்காட்சி நகைச்சுவையில் தமது இரசனை உயர்ந்துவிட்டதாம். பின்னணியில் சிரிப்பொலி எழும் பழைய தொடர்கள் பாமரருக்கே உரியனவாம். இவ்விரு கூற்றுகளையும் நாம் மறுக்கின்றோம். ஒருவனுடைய இயல்பையும் இரசனையையும் காரணமாகக் காட்டி, அவனது நேரத்தையும் கூலியையும் குடியிருப்பையும் கண்ணிற் படாமல் வைக்கும் தவறு இரண்டிலும் உண்டு.

அவர்கள் மேற்கோள் காட்டுவன அமெரிக்கத் தொடர்களே. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம். 1955, 1956ஆம் ஆண்டுகளில் ‘தி ஹனிமூனர்ஸ்’ என்ற தொடர் ஒளிபரப்பாகியது. புறூக்ளினில் வறிய தொடர்மாடி வீடொன்றில் வாழும் பஸ் சாரதி ஒருவனும், அவன் வீட்டுக்கு மேல்மாடியில் வாழும் பாதாளச் சாக்கடைத் தொழிலாளி ஒருவனுமே அதன் நாயகர்கள். ஒரே படிக்கட்டு, ஒரே சங்கம், ஒரே பந்துருட்டு விளையாட்டு. நாள் குறித்துச் சந்திக்கவேண்டிய அவசியம் அவ்விருவருக்கும் இருக்கவில்லை. அவ்வாழ்க்கை இனியதென்று நாம் கூற வரவில்லை. மனைவியைக் கைமுட்டி காட்டி மிரட்டுவதையும் சிரிப்பென்று கொண்ட தொடர் அது. அதனை இன்று சிரிக்காமல் விடுவது இரசனையின் மெய்யான வளர்ச்சியே. ஆயினும், உழைப்பாளர் இருவரின் தோழமை எவ்விடத்தில் முளைக்கின்றதென்பதை அத்தொடரை எழுதியோர் அறிந்திருந்தனர். அந்தப் பந்துருட்டு அரங்குகளில் குழுக்களாகச் சேர்ந்து விளையாடுவோர் தொகை பின்னாளில் எவ்வாறு தேய்ந்தது என்பதிலிருந்தே றொபேட் புட்னம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலுக்குப் பெயரைத் தேடிக்கொண்டார்.

பின்னர் வந்தது ‘ஃப்ரெண்ட்ஸ்’. 1994 முதல் 2004 வரை பத்துப் பருவங்கள். நியூயோர்க் நகரிலே ஆறு இளைஞர்கள் பட்டப்பகலில் கோப்பிக் கடையின் மெத்தையிருக்கையில் அமர்ந்திருக்கின்றனர். வேலை அவர்களைத் தேடி வருவதில்லை. வீட்டு வாடகை பற்றிய கேள்விக்கும் கதாசிரியர்கள் ஒரு விடை வைத்திருந்தனர்: அது பாட்டியின் பெயரில் குறைந்த வாடகைக்கு இருந்த வீடாம்! 2004 மே மாதம் ஒளிபரப்பான இறுதிப் பகுதியை அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் மறுநாட் காலை வேலைக்கு ஓடியவர்களே. ஓய்வான ஒரு பிற்பகலும், கதவைத் தட்டாமலே உள்ளே வரும் தோழரும் அவர்களுக்கு அரைமணி நேரக் காட்சியாக விற்கப்பட்டன.

சிரிப்பொலியின் கதையும் இத்தகையதே. சீ.பி.எஸ். நிறுவனத்தின் ஒலிப்பொறியியலாளரான சாள்ஸ் டக்ளஸ் என்பவர் ஐம்பதுகளில் ஒரு பெட்டியை உருவாக்கினார். விசைகளை அழுத்தினால் முன்னரே பதிவுசெய்த சிரிப்புகள் எழும். நாடகக் கொட்டகையில் பக்கத்திலிருப்போனின் சிரிப்பு நம்மையும் தொற்றிக்கொள்வது போல, வீட்டிலிருப்போனுக்கும் ஒரு கூட்டம் வேண்டுமென்று நிறுவனத்தார் கருதினர். ‘மாஷ்’ தொடரைத் தயாரித்தோர், சத்திரசிகிச்சைக் காட்சிகளில் மட்டுமாவது அவ்வொலி வேண்டாமென்று வாதாடிப் பெற்றனர். 2001இல் பீ.பீ.சீ. ஒளிபரப்பிய ‘தி ஒஃபிஸ்’ தொடரும், 2005இல் தொடங்கிய அதன் அமெரிக்க வடிவமும் சிரிப்பொலியை முற்றாகவே விலக்கின. சிறிய அதிகாரமொன்று கையிற் கிடைத்த மனிதன் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதை இவற்றைப்போலக் காட்டிய தொடர்கள் சிலவே. நமது அதிபர்களையும் கல்வி அதிகாரிகளையும் அந்த முகாமையாளரிற் கண்டு நாமும் சிரித்திருக்கின்றோம்.

ஆயின் இரசனை உயர்ந்துவிட்டது என்போரை நாம் ஒன்று கேட்கின்றோம். ஒரு பெட்டியைச் சுற்றிக் குடும்பமும் அயலும் அமர்ந்திருந்த காலத்தில், அந்நியரின் சிரிப்பு அறையிலிருந்தோரின் சிரிப்போடு கலந்து மறைந்தது. இன்று கைத்தொலைபேசியைப் பிடித்து, காதிலே கருவியைச் செருகித் தனியே கிடக்கும் போது அதே சிரிப்பு போலியாக ஒலிக்கின்றது. இதிலே இரசனையின் பங்கு எவ்வளவு, தனிமையின் பங்கு எவ்வளவு? அதுமட்டுமன்று. பகலில் சிரிப்பொலியை இகழும் இந்நண்பர்களே இரவில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் பார்த்துத் தூங்கச் செல்கின்றனர். முடிந்து பதினைந்து ஆண்டுகளான அத்தொடரை 2019இல் தன்னிடம் வைத்திருக்க நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் நூறு மில்லியன் டொலர் அளவிற் கொடுத்ததென்று அப்போது பத்திரிகைகள் எழுதின. வியாபாரி நட்டத்துக்குப் பொருள் வாங்கான்.

இனி மனித இயல்பு என்ற வாதத்திற்கு வருவோம். அமெரிக்காவில் 1990இல் தமக்கு நெருங்கிய நண்பர் எவருமில்லை என்று கூறிய ஆண்கள் நூற்றுக்கு 3 பேர். 2021இல் நடந்த கணிப்பில் அத்தொகை 15. முப்பத்தொரு ஆண்டுகளில் ஐந்து மடங்கு மாறுவது இயல்பாகுமா? கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்றி ஹோல் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலம் சேர்ந்திருத்தல் வேண்டும். நெருங்கிய நண்பராவதற்கு 200 மணித்தியாலத்துக்கு மேல். பல்கலைக்கழக விடுதியில் இது சில வாரக் கணக்கு. வாரம் ஒரு மணித்தியாலம் சந்திப்போருக்கோ நாலாண்டுக் கணக்கு. அதற்கிடையில் நம்மில் ஒருவருக்கு இடமாற்றம் வந்துவிடும்.

நமது ஓய்வறையையே பாருங்கள். ஆறாண்டுகளாக ஒரே மேசையில் விடைத்தாள் திருத்துவோர் ஒருவர் வீட்டை மற்றவர் அறியார். மணி அடித்ததும் மோட்டார்ச் சைக்கிள்கள் ரியூசன் வகுப்புகளை நோக்கிப் பறக்கின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் சம்பளத்தில் மாதத்தை ஓட்டமுடியாதவர்களை நாம் பேராசைக்காரர் என்னோம். ஆனால் அதே மனிதர் மறுநாட் காலை வந்து, ‘எனக்குப் பழகத் தெரியாது, என் சுபாவம் அப்படி’ என்று தம்மையே குற்றவாளியாக்கும்போது நமக்குக் கோபம் வருகின்றது. மாணவர்களோ இன்னும் கொடுமை. பத்தொன்பது வயதுவரை வகுப்பிலிருந்து வகுப்புக்கு ஓடியவன் அந்த 200 மணித்தியாலத்தை எங்கே தேடுவான்?

பிரித்தானியா 2018இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. தனிமை உடல்நலத்துக்குப் புகைத்தலைப் போலக் கேடானதென்று அமெரிக்காவின் தலைமை மருத்துவர் 2023இல் அறிக்கை விடுத்தார். நோயை ஒப்புக்கொண்டது நல்லதே. வேலைநேரத்தையும் கூலியையும் பற்றிய பேச்சைத் தொழிற்சங்கங்களே எழுப்பவேண்டியுள்ளது; நமது ஆசிரியர் சங்கங்கள் சம்பள உயர்வைக் கோரும்போது இந்த நேரத்தையும் கோரிக்கையிற் சேர்த்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு நம் பாடசாலையில் நால்வர் கூடி, வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணித்தியாலம் எவரும் ரியூசன் எடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். தேநீர்க் கடையொன்றிற் கூடுகின்றோம். விளக்குவதற்குரிய இலட்சியம் எதுவும் அங்கே பேசப்படுவதில்லை. பெரும்பாலும் அதிபரைப் பற்றித்தான் சிரிக்கின்றோம். கணக்குப் பார்த்ததில் ஐம்பது மணித்தியாலத்தைக் கடந்துவிட்டோம். நால்வரில் ஒருவர் கடன் தவணைக்காகச் சென்ற மாதம் வகுப்புக்குத் திரும்பினார். அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை.