"வளர வரும்" எண்டு சொல்லிச் சொல்லியே

எங்கட ஊர்களில் பிள்ளையின் பேச்சுப் பற்றி இரண்டே இரண்டு நிபுணத்துவக் கருத்துகள்தான் உண்டு. ஒண்டு, "வளர வரும்". மற்றது, "தகப்பனும் இப்பிடித்தான், ஏழு வயசிலதான் வடிவாக் கதைச்சவர்". சொல்லுறவை அன்பாகத்தான் சொல்லுகினம். ஆனால் அந்த அன்பின் பேரிலேயே எத்தனையோ பிள்ளையளின் பேச்சை ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்காமல் விடுகிறோம். என்ட கோபம் அதில்தான்.

வள்ளுவர் மழலையைப் புகழ்ந்தவர், உண்மை. ஐந்து வயசுப் பிள்ளை காகத்தைத் "தாதம்" எண்டு சொல்லி, முன்பள்ளியில் பகிடிக்கு ஆளாகி, பிறகு வாயே திறக்காமல் இருக்கிறதை அவர் புகழேல்லை.

"வளர வரும்" எண்டது அரை உண்மை. இரண்டு வயசுப் பிள்ளை 'க'வுக்குப் பதிலாய் 'த' சொல்லுறது சாதாரணம். நாலு வயசு தாண்டியும் அப்பிடியே நிண்டால் ஆராவது பார்க்கவேணும். 'ர' பிந்தி வாற ஒலி, அதுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம். எந்த ஒலி, எந்த வயசில், வேற ஆக்களுக்கு எவ்வளவு விளங்குது: இதுகளைக் கேட்காமல் "வளர வரும்" எண்டு சொல்லுறது குறி பார்க்கிற மாதிரி.

இன்னொரு கூட்டம் நாக்குக்குக் கீழே இருக்கிற நாரை வெட்டச் சொல்லும். யோசிச்சுப் பாருங்கோ: அந்த நார் இருப்பது நாக்கின் முன்பக்கத்தில். 'க' பிறப்பது நாக்கின் பின்பக்கம் மேலெழும்ப. முன்நாக்கால் 'த' வடிவாச் சொல்லுற பிள்ளைக்கு அந்த நாரை வெட்டி என்னத்தைத் திருத்தப் போறியள்? கத்தியை எடுக்க முதல் காதைச் சோதிக்கவேணும். சரியாய்க் கேளாத ஒலியைப் பிள்ளை எப்பிடிச் சரியாய்ச் சொல்லும்?

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் வகுப்புகளில் நடக்குது. பல்லும் கண்ணும் நிறையும் பார்க்கினம், நல்லது. ஆனால் வரிசையில் நிக்கிற பிள்ளையிட்ட "பேரென்ன?" எண்டு கேட்டு, அது சொன்னதோட பேச்சுச் சரி எண்டு முடிவெடுக்க ஏலாது. சொந்தப் பேர் ஆயிரம் தரம் சொல்லிப் பழகின சொல். அதோட, முதலாம் வகுப்பு வரேக்க பிள்ளைக்கு ஐந்து வயசு தாண்டியிருக்கும். சொல்வதெழுதுதலில் "தாதம்" எண்டே எழுதுற பிள்ளைக்கு ரீச்சரின் சிவப்புப் பேனைதான் முதல் பரிசோதனையாய் வருது.

ஸ்கிரீனிங் எண்டது பெரிய வித்தை இல்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஷரின் மெக்லியோடும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட அளவுகோலில் மொத்தம் ஏழு கேள்விகள். பிள்ளை கதைக்கிறது உங்களுக்கு விளங்குதா, சொந்தக்காரருக்கு விளங்குதா, சிநேகிதப் பிள்ளையளுக்கு, ரீச்சருக்கு, முன்பின் தெரியாத ஆளுக்கு விளங்குதா? ஒவ்வொண்டுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. அம்மாவே நிரப்பலாம். நாள் முழுக்கப் பிள்ளையளோட இருக்கிற முன்பள்ளி ரீச்சர்மாரை வைச்சே இதைத் தொடங்கலாம். அவையின் சம்பளம் பற்றி வேற ஒரு கட்டுரை எழுதவேணும், அதை இப்ப விடுவம்.

ஸ்கிரீனிங்கில் பிடிபட்ட பிள்ளைக்கு அடுத்தது முழு மதிப்பீடு. எங்கட பீடத்துக்கும் இதில் வேலை இருக்கு. ஆங்கிலச் சோதனைத் தாளில் ஒவ்வொரு ஒலிக்கும் சொல்லின் முதல், இடை, கடை எண்டு மூன்று பெட்டி. தமிழில் 'ண'வும் 'ள'வும் சொல்லுக்கு முதலில் வராது, 'க'வும் 'ப'வும் கடைசியில் நிக்காது. மொழிபெயர்த்தால் பாதிப் பெட்டி வெறுமை. சரி, தமிழ்நாட்டில் இருந்து ஒண்டைக் கொண்டு வருவம் எண்டால், வாழைப்பழப் படத்தைக் காட்டினவுடன் யாழ்ப்பாணப் பிள்ளை 'ள'வில்தான் சொல்லும். தாயும் அப்பிடித்தான் சொல்லுவா, பேரனும் அப்பிடித்தான். அதைப் பிழை எண்டு புள்ளி குறைச்சால் குடும்பத்தையே கிளினிக்குக்கு அனுப்ப வேண்டியதுதான். மறுபக்கம், "மத்தது" எண்டு சொல்லுற மலையகப் பிள்ளை வீட்டில் கேட்டதைத்தான் சொல்லுது. அதை யாழ்ப்பாண 'ற்ற'வால் அளக்கலாமோ?

தனித்தமிழ், கலப்புத்தமிழ் எண்டு மேடை போட்டுச் சண்டை பிடிக்க எங்களிட்ட ஆள் இருக்கு. மூன்று வயசு மட்டக்களப்புப் பிள்ளைக்கு எந்தெந்த ஒலி வந்திருக்கவேணும் எண்டு கேளுங்கோ, மேடை அமைதியாகிவிடும். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படிச்சு வாற பேச்சுச் சிகிச்சையாளர்கள் இந்த வேலையையும் தனிய இழுக்கவேணுமாம். ஏன்? தமிழ் ஒலியனியல் படிக்கிறது நாங்கள்தானே?

இறுதி வருச ஆய்வுக்குத் தலைப்புத் தேடுறவையிட்ட ஒரு கோரிக்கை. பெற்றோரிட்ட எழுத்தில் சம்மதம் வாங்குங்கோ. எங்கட வீடுகளில் இருக்கிற சாமான்களின் முப்பது படம் எடுங்கோ. மூன்று முதல் ஆறு வயசுப் பிள்ளையளிட்டக் காட்டி, போனில் பதிவு செய்யுங்கோ. கேட்டதைக் கேட்டபடி ஒலிப்பெழுத்தில் எழுதி, உங்கட மாவட்ட ஆஸ்பத்திரியின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு பிரதி கொடுங்கோ. நூலகத் தட்டில் மட்டும் வைச்சிட்டுப் போகாதேங்கோ.