எப்பிங் வனத்துப் பாதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலச்சுவான்தார்களின் வேலிகளினின்று 1878ஆம் ஆண்டுச் சட்டத்தினால் காக்கப்பட்டு, 1882இல் விக்டோரியா மகாராணியாரால் மக்களுக்கே அர்ப்பணிக்கப்பட்ட, இலண்டனை ஒட்டிய எப்பிங் வனத்தின் சரளைப் பாதைகளில், லீ நதிப் பள்ளத்தாக்கிலிருந்து வயலோரமாக ஏறிவந்து சைக்கிளோட்டும் நம் இளைஞர்கள் பெருகி வருவது எனக்குப் பரம சந்தோஷம்.

ஆயினும், மழைநாளில் சேற்றுக் குழியைத் தவிர்க்க ஒவ்வொருவரும் சற்றே ஒதுங்கி ஓட்டுவதால் தடம் அகன்று, விருத்த பீச் மரங்களின் வேர்கள் தோலுரிந்து கிடப்பதைக் காண மனம் வேதனையுறுகிறது. இரும்புக் காலத்து மண்ணரண்களான லவுட்டன் காம்ப், ஆம்பிரஸ்பரி பாங்க்ஸ் ஆகிய ஸ்தலங்களில் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதையும் பலர் அறியார். மாரிக்காலம் முடியும்வரை, சரளையிட்ட பாதையை விட்டு விலகாதிருக்குமாறு சைக்கிள் அன்பர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
வால்தம்ஸ்டோ, இலண்டன்