வாத்தியார் நாற்காலியில் கம்ப்யூட்டரை உட்கார வைக்காதீர்கள்

போன மாதம் ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு சண்டை. ஆரம்பித்து வைத்தது என் ரூம்மேட். "இன்னும் பத்து வருஷம்டா. அப்புறம் ஸ்கூல்ல வாத்தியாரே இருக்க மாட்டாங்க. ஆளுக்கு ஒரு டேப், அதுல ஒரு ஏஐ, முடிஞ்சுது" என்றான். எதிர்க் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு அம்மா அரசுப் பள்ளி டீச்சர். எழுந்து உட்கார்ந்துவிட்டான். "மெஷின் எப்படிடா சொல்லிக் குடுக்கும்? புள்ளைங்க முகத்தப் பாத்தாத்தானே புரிஞ்சுதா இல்லையான்னு தெரியும்?" மணி ஒன்று வரை போனது. இரண்டு பேர் சொல்வதும் தப்பு என்று நான் சொன்னதில், மறுநாள் இரண்டு பேருமே என்னோடு பேசவில்லை. அன்றைக்குச் சொல்லவிடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் டீச்சர் மகனுக்கு. முகத்தைப் பார்த்தால் தெரியும் என்கிறாயே, என் முகத்தை நாலு வருஷம் பார்த்தார்கள். அஞ்சாம் வகுப்பில் பின்னம் நடத்தியபோது எனக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் கழித்துப் போனால் பாடம் தசமத்துக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் பின்னம் தலைகாட்டும் இடத்திலெல்லாம் நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். (தலையாட்டுவதில் நான் கில்லாடி.) சார் மேல் தப்பே இல்லை. வகுப்பில் 52 பேர். டிசம்பருக்குள் போர்ஷன் முடிக்க வேண்டும். அவர் கையில் இருந்தது ஒன்பதாம் வகுப்புப் புத்தகம், நான் நின்றுகொண்டிருந்ததோ அஞ்சாம் வகுப்பில். ஒரு கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு அக்கா பழைய அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, தினம் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. எல்லார் வீட்டுப் பக்கத்திலும் அக்கா இருப்பதில்லை.

இது என் ஒருத்தன் கதை என்று நினைத்திருந்தேன். டெல்லியில் 2015இல் 619 மாணவர்களை வைத்து முரளிதரன், சிங், கானிமியன் என்ற மூன்று பேர் செய்த ஆய்வை (வெளிவந்தது 2019) படித்தபோதுதான் விஷயத்தின் அளவு புரிந்தது. அந்த மாணவர்களில் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் நாலரை வகுப்பு! வருஷம் போகப் போக இடைவெளி கூடுகிறது. அந்த வகுப்பறையில் எவ்வளவு நல்ல ஆசிரியர் நின்றாலும், ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நடத்தினால் பாதிப் பேருக்கு அது வேற்று மொழிதான்.

இங்கேதான் கம்ப்யூட்டருக்கு வேலை இருக்கிறது. அந்த ஆய்வில் பயன்படுத்திய மைண்ட்ஸ்பார்க் மென்பொருள், பிள்ளையை முதலில் சோதித்து, எந்த வகுப்புக் கணக்கில் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கிறது. தப்பாகப் போட்டால் எந்த மாதிரித் தப்பு என்று பார்த்து அதற்கேற்ற அடுத்த கேள்வியைத் தருகிறது. சலித்துக்கொள்வதில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதும் இல்லை. இதை வேண்டாம் என்று சொல்பவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நாலரை மாதத்தில் கணக்கு, இந்தி இரண்டிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைத் தெளிவாக முந்தினார்கள்.

உடனே ரூம்மேட் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அந்த மையங்களில் பள்ளி நேரத்துக்கு வெளியே தினம் 90 நிமிஷம். அதில் 45 நிமிஷம்தான் கம்ப்யூட்டர். மீதி 45 நிமிஷம் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். சோதித்துப் பார்த்தது இரண்டையும் சேர்த்துத்தான்.

இன்னும் ஒன்று. குஜராத்தில் ஞான் சாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் லீ லிண்டன் செய்த ஆய்வு, 2008இல் வந்தது. ஒரே மென்பொருள், இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஒன்று, வகுப்பு நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது. இன்னொன்று, வகுப்பு அப்படியே நடக்கட்டும், அதற்கு மேல் கூடுதலாகக் கம்ப்யூட்டர். முதல் வகையில் பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். நூறு பேரில் 50ஆவதாக நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 72ஆம் இடத்துக்கு இறங்குவது மாதிரியான வீழ்ச்சி. இரண்டாம் வகையில் அதே பிள்ளை 39ஆம் இடத்துக்கு ஏறுவது மாதிரியான முன்னேற்றம். அங்கே வகுப்பு ஏற்கனவே உருப்படியாக நடந்துகொண்டிருந்தது, அதைப் பிடுங்கினால் நஷ்டம் வராமல் என்ன செய்யும்?

ஏஐ வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டதே என்பான். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அதையும் சோதித்துவிட்டார்கள் (2025இல் வெளியானது). சும்மா சாட்ஜிபிடி மாதிரி ஒன்றைக் கொடுத்தபோது பயிற்சிக் கணக்கில் மார்க் எகிறியது. அப்புறம் அதைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தால், அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடையைப் பார்த்து எழுதியவனுக்கு என்ன வரும்? இன்னொரு குழுவுக்கு வேறு மாதிரி கொடுத்தார்கள்: விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு என்று கட்டுப்படுத்தியது. அங்கே அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. அந்தக் குறிப்புகளுக்கும், பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்ற தகவலுக்கும் சரக்கு கொடுத்தது யார்? ஆசிரியர்கள்தான்.

அப்புறம் அந்த "பத்து வருஷம்". அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் ப்ளேட்டோ என்ற பெயரில் பாடம் சொல்லும் கம்ப்யூட்டரை 1960இலேயே ஓடவிட்டது. அலெக்ஸாண்டருக்கு அரிஸ்டாட்டில் கிடைத்த மாதிரி லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஆசான் இன்னும் சில வருஷத்தில் கிடைப்பார் என்று ஸ்டான்ஃபோர்டில் இருந்த பாட்ரிக் சப்பஸ் 1966இல் எழுதினார். அரிஸ்டாட்டில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார் :)

எனக்கு உண்மையில் கோபம் இந்த இரண்டு பேர் மேலும் இல்லை. பெட்டியை இறக்கிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல்தான். நான் படித்த பள்ளியிலும் கம்ப்யூட்டர் ரூம் உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரிசையாகப் போய் உறை போட்ட மானிட்டரைப் பார்த்துவிட்டு வருவோம். பாடம் கரும்பலகையில்: கணினியின் படம் வரைந்து பாகங்களைக் குறி. அழகாக மவுஸ் வரைவேன். தொட்டது காலேஜுக்கு வந்த பிறகு.

வதோதராவிலும் இதே கதைதான். 2000இல் மாநில அரசு மாநகராட்சிப் பள்ளிகளுக்கு ஆளுக்கு நாலு கம்ப்யூட்டர் கொடுத்தது. 2002இல் பிரதம் அமைப்பு போய்ப் பார்த்தபோது பல இடங்களில் வந்த அட்டைப்பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. பிறகு நாலாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அதே கம்ப்யூட்டர்கள் முன் உட்கார வைத்தார்கள். வாரம் 2 மணி நேரம், அதில் பாதி பள்ளி நேரத்துக்கு வெளியே, பக்கத்தில் வழிகாட்ட அந்தப் பகுதி ஆட்கள். இரண்டாம் வருஷம் நடு இடத்துப் பிள்ளை 32ஆம் இடத்துக்கு ஏறும் அளவுக்குக் கணக்கு மார்க் கூடியது. பெட்டி மாறவில்லை. பக்கத்தில் ஆள் வந்ததுதான் வித்தியாசம். (திட்டம் நின்று ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பெரும்பகுதி கரைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இது ஒரு தடவை போட்டுவிட்டுப் போகிற தடுப்பூசி இல்லை.)

அதனால் இனி யாராவது பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவருகிறோம் என்று மேடையில் சொன்னால் விலை என்ன, எத்தனை அங்குலத் திரை என்று கேட்காதீர்கள். எந்த நேரத்தை எடுத்து இதற்குக் கொடுக்கப் போகிறீர்கள், பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுந்தது என்ற பட்டியல் மறுநாள் காலை வகுப்பு ஆசிரியர் கைக்கு வருமா என்றும் கேளுங்கள். காலியான ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் அந்தச் சுவரில் திரை மாட்டுகிறார்கள் என்றால் அது படிப்பில் மிச்சம் பிடிக்கிற காசு, வேறொன்றும் இல்லை.

எதிர்க் கட்டில்காரனின் அம்மா வேலை பார்ப்பது ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்பை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். மூணாம் வகுப்பு அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத நாலு பிள்ளைகளோடு அவர் தரையில் உட்கார முடியுமே என்று கேட்கச் சொன்னேன். சண்டை ஆறி அவன் போனில் கேட்டான். பதில் ஸ்பீக்கரில் வந்தது.

"வரட்டும்பா, நல்லதுதான். மொதல்ல தினமும் ஆன்லைன்ல விவரம் ஏத்துற வேலைய அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட குடுக்கச் சொல்லு. அதுலயே எனக்கு ஒரு பீரியட் போவுது."