மடிக்கணினியின் விசிறியும் நம் ஊர் வெயிலும்

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்று பேசும்போது நண்பர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மடிக்கணினியின் விசிறி ஓயாமல் இரைகிறதே, அதை அடக்க வழி இருக்கிறதா?” வழி இருக்கிறது. அவ்வழியில் போய் ஒருமுறை பட்டுமிருக்கிறோம். ஆகவே விசிறியின் வேகத்தை நாமே கையால் கட்டுப்படுத்துவது குறித்து எங்கள் கருத்தைச் சற்று விரிவாகச் சொல்லிவிட எண்ணுகிறோம். சுருக்கம் இதுதான்: விசிறியின் கடிவாளம் கணினியை வாங்கியவர் கையில் இருக்க வேண்டும்; ஆனால் அதை இரைச்சலைக் குறைப்பதற்காக அன்று, வேண்டும்போது கூட்டுவதற்காகவே பயன்படுத்த வேண்டும்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று அருகருகே வசிக்கும் ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு எங்களுடையது. பழைய சிற்றிதழ்களை இரவல் பெற்று, பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளின் உதவியால் உரையாக மாற்றி, பிழைதிருத்தி வைப்பது எங்கள் ஓய்வு நேரப் பணி. தட்டச்சு செய்வது கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பழுப்பேறிய தாளின் தமிழ் எழுத்துகளை நூறு பக்கத்துக்கு அடையாளம் காணச் சொன்னால் செயலி முழு மூச்சில் உழைக்க வேண்டியிருக்கும், உழைத்தால் சூடேறும், சூடேறினால் விசிறி இரையும்.

சில ஆண்டுகளுக்கு முன், கத்திரி வெயில் நாளொன்றில், மூத்த வாசகர் ஒருவரின் நினைவுகளை அவர் குரலிலேயே பதிவுசெய்ய உட்கார்ந்தோம். ஒலிவாங்கியில் அவர் குரலோடு விசிறியின் ஊதலும் சேர்ந்து விழுந்தது. ஆகவே ஒரு மென்பொருளின் மூலம் விசிறியை ஆகக் குறைந்த வேகத்தில் நிறுத்திவைத்தோம். பதிவு மிக நன்றாக அமைந்தது. மகிழ்ச்சியோடு கணினியின் மூடியைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம். விசிறியைப் பழையபடி தானியங்கு நிலைக்குத் திருப்ப வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

மறுநாள் மதியம் அதே கணினியில் எழுத்துணரி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, ஓய்வுபெற்ற தமிழாசிரியரான எங்கள் நண்பர் இன்னொரு சாளரத்தில் பிழைதிருத்திக்கொண்டிருந்தார். மின்சாரம் போயிற்று, தலைக்கு மேல் சுழன்ற கூரை விசிறியும் நின்றது. தட்டிய எழுத்து திரையில் ஒரு கணம் தாமதித்துத் தோன்றத் தொடங்கியது. பழைய கணினி, அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில் அது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதன் அடையாளம். சற்று நேரத்தில் திரை இருண்டது. அடிப்பாகம் கைவைக்க முடியாதபடி கொதித்தது. ஆறிய பின் கணினி இயங்கிற்று. ஆனால் திருத்தங்கள் இருந்த கோப்பு சிதைந்து திறக்க மறுத்துவிட்டது. எங்களிடம் இருந்த நகலோ பதினொரு நாள் பழையது.

கண்புரை அறுவை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த அந்த நண்பர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “விடுங்கள், மறுபடி படித்தால் விட்டுப்போன பிழை இன்னும் நாலு கிடைக்கும்” என்று சொல்லிப் பதினொரு நாளின் பக்கங்களை மீண்டும் எடுத்துக்கொண்டார். நாங்கள் ஒரு மணி நேரம் விரும்பிய அமைதிக்கு அவர் கண்கள் விலை கொடுத்தன.

இதில் விசிறியின் பங்கு என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போதும். விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; அறையின் காற்றை எடுத்து, செயலியிலிருந்து வெப்பத்தைச் சுமந்துவரும் செப்புக் குழாயின் முனையில் உள்ள மெல்லிய தகடுகளின் ஊடே ஊதுகிறது. அவ்வளவே. ஆகவே அறையின் வெப்பத்துக்குக் கீழே அதனால் எதையும் இறக்க முடியாது. ஒரே வேலை, விசிறிக்கு ஒரே வேகம் என்றால், அறைக்கும் செயலிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ மாறாமல் நிற்கும். 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் இருக்கும் செயலி, 38 டிகிரி அறையில் 88 டிகிரியைத் தொடும். பெரும்பாலான மடிக்கணினிச் செயலிகளுக்கு எல்லை 100 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அப்படியும் அடங்காவிட்டால் கணினி தானே அணைந்துவிடும்.

மடிக்கணினியோடு வரும் கையேட்டில் எவரும் படிக்காத ஒரு வரி உண்டு: இயங்கத்தக்க சுற்றுப்புற வெப்பநிலை. ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக்குகளுக்கு 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று குறிப்பிடுகிறது. வேறு பல நிறுவனங்களும் 35 டிகிரியிலேயே கோடு கிழிக்கின்றன. 2003 மே இறுதியில் சென்னையின் வெயில் 45 டிகிரியைத் தொட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களை விட்டுவிடுவோம். சாதாரண மே மாதத்தில்கூட நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் வெப்பம் ஓரிரு டிகிரி கூடுதலாகப் பதிவாவதை வானிலைச் செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடற்காற்று திருவான்மியூரைக் குளிர்வித்து, பள்ளிக்கரணையைக் கடந்து தாம்பரத்துக்கு வந்துசேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருக்கும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட எத்தனையோ வீடுகளுக்குள் முதன்முறையாக மடிக்கணினி நுழைந்தது. அந்தக் கூரையின் கீழ் மதிய நேரத்தில் 35 டிகிரி என்பது எட்டாத குளுமை. அதாவது, ஆண்டில் சில மாதங்கள் நாம் கையேட்டின் எல்லைக்கு வெளியேதான் வாழ்கிறோம்.

விசிறி எப்போது சுழலத் தொடங்க வேண்டும், எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் எடுக்க வேண்டும் என்பதைத் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு தீர்மானிக்கிறது. அதற்கான அட்டவணையை எழுதுவது தயாரிப்பு நிறுவனம். அவர்கள் வெப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும், இரைச்சல் எவ்வளவு என்பவற்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். கணினிகளை மதிப்பிடும் ஏடுகள் விசிறியின் ஒலியை டெசிபலில் அளந்து மதிப்பெண் போடுகின்றன. சாளரங்கள் மூடிய, குளிரூட்டிய அறைக்கு அது நியாயமான அளவுகோல். நம் அறையிலோ கூரை விசிறி கடகடக்கிறது, சாளரம் திறந்திருக்கிறது, மின்ரயில் கூவுகிறது, மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் பேச்சை நிறுத்திவைக்கின்றன. இத்தனைக்கும் நடுவே மடிக்கணினியின் சின்ன விசிறி சற்று உரக்கச் சுழன்றால் நமக்கு நட்டம் ஏதுமில்லை. பிறருடைய அமைதிக்காக எழுதப்பட்ட அட்டவணையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதே எங்கள் வாதம்.

மாற்றுவதற்கான வழிகள் கணினிக்குக் கணினி வேறுபடும். விண்டோஸில் எந்தப் புது மென்பொருளும் இன்றிச் செய்யத்தக்கது ஒன்று: மின்சக்தி அமைப்புகளில் குளிர்விப்புக் கொள்கை என்று ஓர் இடம் உண்டு. ‘ஆக்டிவ்’ என்று வைத்தால் முதலில் விசிறி வேகமெடுக்கும், பிறகே செயலி வேகத்தைக் குறைக்கும். ‘பேஸிவ்’ என்றால் தலைகீழ். சில மடிக்கணினிகளில் இது கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருக்கும். அதே இடத்தில் செயலியின் உச்ச அளவை 100லிருந்து 99 விழுக்காடாக்கினால், பெரும்பாலான செயலிகளில் ‘டர்போ’ எனப்படும் பாய்ச்சல் வேகம் நின்று, சூடு கணிசமாகத் தணியும். லினக்ஸில் ‘ஃபேன்கன்ட்ரோல்’ என்ற நிரல், எந்த வெப்பநிலையில் தொடங்கி எந்த வெப்பநிலையில் முழு வேகம் எட்ட வேண்டும் என்று நம்மையே கேட்கும். இடைப்பட்ட வேகங்களை அது பார்த்துக்கொள்ளும். கணினியின் வன்பொருள் இடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எங்கள் கணினி இப்போது 45 டிகிரியில் மெல்லத் தொடங்கி 75 டிகிரியில் முழு வேகம் எடுக்கிறது. கோடையில் அது நிற்பதேயில்லை; நிற்க வேண்டியதுமில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். அட்டவணையை மாற்றுவது வேறு. ஒரே வேகத்தில் கட்டிவைப்பது வேறு. முன்னது சூட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. பின்னது கண்ணைக் கட்டிக்கொள்கிறது. எங்களை வீழ்த்தியது பின்னதே. திங்க்பேடு மடிக்கணினிகளுக்கான லினக்ஸ் நிரலை எழுதியவர்கள் இந்த மறதியை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதில் விசிறியை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளில் நாமே வைக்கலாம். ஆனால் அந்த உரிமை தொடக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். கேட்டுத் திறக்க வேண்டும். அதோடு ஒரு காவல் கடிகாரமும் உண்டு. அதிகபட்சம் 120 விநாடி வரை ஒரு கெடு வைக்கலாம். அந்தக் கெடுவுக்குள் நம்மிடமிருந்து புதிய கட்டளை வராவிட்டால், இவர் தூங்கிவிட்டார் என்று கொண்டு விசிறியைப் பாதுகாப்பான நிலைக்கு அது திருப்பிவிடும். உரிமையைக் கொடு, ஆனால் மறதிக்கு ஒரு வேலி போடு என்னும் இந்த எண்ணம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வேகத்தைத் தொடுவதற்கு முன் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பது முதற்கடமை. இதைச் சொல்லத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத 1928இல், தூய காற்றையே பெரிதும் நம்பிய சிகிச்சைக்காக மருத்துவர் டேவிட் சவுரிமுத்து இங்கே தம் சானடோரியத்தை நிறுவினார். ரயில் நிலையத்தின் பெயரில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு நாம் மடிக்கணினியைத் தலையணை மேல் வைத்து அதன் மூச்சுத் துளைகளை அடைக்கிறோம். ஜி.எஸ்.டி. சாலையின் தூசி ஈராண்டில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் படிந்துவிடுகிறது. அதற்குப் பின் விசிறி எத்தனை வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய வெப்பப் பசையும் ஒரு மென்தூரிகையும் பல மென்பொருள்களைவிட மேலானவை. மின் இணைப்பையும் மின்கலத்தையும் கழற்றிவிட்டு, இறக்கைகளை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூசியை ஊத வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

எப்போதும் வேகமாகச் சுழன்றால் விசிறி விரைவில் தேயாதா என்று கேட்பார்கள். தேயும். வேகம் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும், ஆனால் அதற்கு எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதும் உண்மையே. ஆகவே எந்நேரமும் முழு வேகம் என்று நாங்கள் சொல்லவில்லை. சற்று முன்னதாகத் தொடங்கட்டும் என்கிறோம். தேய்ந்த விசிறியை மாற்றிவிடலாம். அது விலை குறைந்த உதிரிப் பாகம். தாய்ப்பலகை அப்படியன்று. லித்தியம் மின்கலமும் சூட்டில் விரைந்து முதுமையடையும். விசிறியே இல்லாத மடிக்கணினிகளை வாங்கிய நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியற்றவை. எங்கள் வேலைக்கு அது சரிப்படாது.

இது தனிமனிதர்களின் சாமர்த்தியத்தோடு முடிந்துவிடக் கூடாது என்பதும் எங்கள் எண்ணம். விசிறியின் அட்டவணையை மாற்றும் வசதி, விளையாட்டுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த பல கணினிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. குறைந்த விலையில், கூரைச் சூட்டில் உழைக்கப்போகும் கணினிகளிலோ பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. உண்மையில் தேவை அங்கேதான் மிகுதி. மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கில் மடிக்கணினி வாங்கும் அரசோ கல்லூரியோ, நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு என்று கேட்பதோடு, 45 டிகிரி அறையில் இது தடையின்றி இயங்குமா, விசிறியைப் பயனர் மாற்ற இடமுண்டா என்றும் ஒப்பந்தப்புள்ளியில் கேட்க வேண்டும். கேட்பவர் இருந்தால் செய்பவரும் வருவார்.

எங்கள் தமிழாசிரிய நண்பர் இன்றும் அதே கணினியில்தான் பிழைதிருத்துகிறார். நகல் இப்போது நாள்தோறும் எடுக்கப்படுகிறது. குரல் பதிவுக்கு ஒலிவாங்கியை நீளமான கம்பியில் இணைத்து, கணினியை அடுத்த அறையில் வைத்துவிடுகிறோம். சென்ற கோடையில் ஒரு மதியம் விசிறி பெருங்குரலில் ஊதத் தொடங்கியபோது, புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர், “குறைக்கட்டுமா ஐயா?” என்று எழுந்தார். “இருக்கட்டும் தம்பி, அது தன் வேலையைச் செய்கிறது” என்று சொல்லிவிட்டு நண்பர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.