பூமிக்குள் ஓர் அறை

“மேலே கட்ட இடமில்லை, பூமிக்குக் கீழே ஓர் அறை கட்டிக்கொள்ளலாமா?” என்று நேயர்கள் சிலர் கேட்கிறார்கள். சென்னையில் மனை விற்கும் விலைக்கு இந்த ஆசை எழுவது இயல்பே. வண்டி நிறுத்தவும், புத்தக அலமாரி வைக்கவும், வருஷ சாமான்களைச் சேமிக்கவும் நிலவறை மிக உபயோகமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாடி கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கையில் பணம் தீர்ந்தால் மாடியைப் பாதியில் நிறுத்தி, அடுத்த தை மாதத்தில் தொடரலாம். வெட்டிய பள்ளம் அவ்விதம் காத்திராது. கடப்பாரை மண்ணில் படுமுன்பே யோசனையெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முதல் யோசனை தண்ணீரைப் பற்றியது. நம்மில் அநேகர் மே மாதத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, “இருபது அடிக்குக் கீழேதான் ஜலம்” என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது மே மாதக் கிணறு அன்று, டிசம்பர் மாதக் கிணறு. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில் அதே ஜலம் தரைமட்டத்துக்கு நான்கடி வரையில் ஏறி நிற்கக்கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் எவ்வளவு ஆழம் நின்றது என்பதையும் அண்டை வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, சுவரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜலம் சுவர் வழியாகக் கசியும் என்று மட்டும் எண்ணுவோர் உண்டு. அது தரையைக் கீழிருந்து மேலே தூக்கவும் செய்யும். 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள அறையின் அடித்தளத்துக்கு மேல் ஆறடி உயரத்துக்கு நிலத்தடி நீர் ஏறினால், அந்தத் தளத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 100 டன். வெறும் தளத்தின் கனத்தால் மட்டுமே இதைச் சமாளிப்பதென்றால் இரண்டரை அடிக் கனத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும்! மேலே வீடு எழும்பிய பிறகு அந்தப் பாரம் கைகொடுக்கும். எழும்பும் வரையில்? தளம் போட்டாயிற்று என்று இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டால், தளம் விரிசல் கண்டு மேலெழுந்துவிடும். எத்தனை மாதம் இறைக்க வேண்டும், அதற்கு என்ன செலவு என்பதை எஞ்சினீயரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஆகையால் வெட்டும் வேலையை ஜனவரியில் தொடங்கி, சுவரும் மேற்கூரையும் செப்டம்பருக்குள் முடிந்துவிடும்படி திட்டமிட வேண்டும். மண் பரிசோதனையும், நகர அதிகாரிகளின் அநுமதியும், கம்பிக்கான பணமும் அதற்கு முந்திய மழைக்காலத்திலேயே தயாராகிவிட வேண்டும். வேலை செய்ய இடம் வேண்டுமென்று சுற்றிலும் இரண்டடி சேர்த்துப் பத்தடி ஆழம் தோண்டினால், தளர்ந்து உப்பிய மண் ஏறக்குறைய நூறு யூனிட் ஆகும். மூன்று யூனிட் கொள்ளும் லாரி 34 தடவை போய்வர வேண்டும். அந்த இரண்டடியைத் தியாகம் செய்து, எல்லை வரையில் அறையை விஸ்தரிக்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். சுவரின் வெளிப்புறத்தில்தான் நீர் தடுக்கும் பூச்சைப் பூச வேண்டும். மண்ணை மூடிய பிறகு அங்கே எந்தக் கொத்தனாரும் நுழைய முடியாது. உட்புறம் பூசுவதெல்லாம் புண்ணுக்குப் புனுகு தடவுவதுதான்.

அடுத்தது மனித உயிர். ஒரு கன அடி மண் சுமார் 50 கிலோ கனக்கும். சரியும் கரையின் கீழ் மார்பளவு புதைந்தவன் மூச்சு விடுவதே அரிது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரியில் கட்டட வேலைக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளத்தின் கரை சரிந்து இருவர் மாண்டனர். பல நாள் நீர் இறைத்த பின்பே சடலங்கள் கிடைத்தன. வெட்டிய மண்ணைக் கரையோரத்திலேயே குவிப்பதும், முட்டுக் கொடுக்காமல் செங்குத்தாக இறங்குவதும் மேஸ்திரிக்குச் சிக்கனமாகத் தோன்றலாம். கூலிக்கு இறங்குகிறவனுடைய உயிரில் செய்யும் சிக்கனம் அது. பக்கத்து வீடு பழைய சுண்ணாம்புக் கட்டடமாக இருந்தால், அதன் அஸ்திவாரம் நாலடி ஆழம்கூட இராது. அதைப் பரிசோதித்து, புகைப்படம் எடுத்து, அவ்வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

கட்டி முடித்த பிறகு அந்த அறையை என்ன செய்வது என்பதும் இப்போதே தீர்மானிக்க வேண்டிய விஷயம். தலைநகர் டில்லியில், பழைய ராஜேந்திர நகரில், 2024 ஜூலை 27-ஆம் தேதி சாமான் வைக்க அநுமதி பெற்ற நிலவறையொன்று படிப்பறையாக உபயோகப்பட்டு வந்தது. தெரு வெள்ளம் உள்ளே பாய்ந்ததில் அரசாங்க உத்தியோகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று இளம் பிராயத்தினர் மூழ்கி இறந்தனர். மூன்றடி அகலக் கதவின் மறுபுறம் மூன்றடி ஜலம் நின்றால், அது கதவின் மேல் சுமத்தும் பாரம் சுமார் 380 கிலோ. குழந்தைகள் படிக்கவோ பெரியவர்கள் உறங்கவோ அந்த அறை வேண்டாம். எதற்காக இருந்தாலும் வெளியேற இரண்டு வழிகள் தேவை. இறங்கும் வாசலின் படி, நீங்கள் சுவரில் குறித்த வெள்ள மட்டத்துக்கு ஓரடியாவது மேலே இருக்கட்டும். மின்சார ஸ்விட்சுகள் மேல்மாடிக்குப் போகட்டும். மழை கொட்டும்போதுதான் மின்சாரம் நிற்பது வழக்கமாதலால், நீர் இறைக்கும் மோட்டாருக்குத் தனி ஜெனரேட்டர் அவசியம்.

கழிப்பறை வேண்டுமா என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். தெருச் சாக்கடை உங்கள் தளத்துக்கு மேலே ஓடுகிறது. மழை நாளில் அது உங்கள் வீட்டை நோக்கித் திரும்பும். வேண்டாம்.