காசில்லாதவனுக்கு ஓட்டு விழாதாம்

இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைக்கும் ஒருவர் சட்டமன்றத்துக்கு நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும் ஊர் சிரிக்கும். "இருக்குற நிலத்தையும் வித்துட்டு வரப்போறாரு" என்பார் ஒருவர். "நல்ல மனுசந்தான், ஆனா காசில்லாதவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்பார் இன்னொருவர். இரண்டாமவர் அந்த மனிதரின் நலம் விரும்பி. அவர் பேச்சில்தான் ஆபத்து அதிகம். கேலி பேசுபவனோடு மல்லுக்கு நிற்கலாம். இரக்கப்பட்டுச் சொல்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

நான் தலையாட்டுவதாக இல்லை. தமிழ்நாட்டு வாக்காளர் ஏழையை வேண்டாமென்று தள்ளினார் என்று சொல்ல வேண்டுமானால், வெல்லக்கூடிய இடத்தில் ஓர் ஏழையை அவர்முன் நிறுத்தியிருக்க வேண்டும். அப்படி நிறுத்திய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றைப் பார்ப்போம்.

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி, 2021. தி.மு.க. கூட்டணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி க. மாரிமுத்துவை நிறுத்தியது. கூரை வீட்டில் குடியிருந்தவர், விவசாயக் கூலிக் குடும்பத்துக்காரர். அ.தி.மு.க. வேட்பாளரை அவர் சுமார் 30 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அவருடைய வீட்டைப் படம்பிடித்துப் பத்திரிகைகள் அதிசயம்போல எழுதின. அந்தத் தொகுதிக்காரர்களுக்கு அதில் அதிசயம் இருந்திருக்காது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டிய கீழத்தஞ்சை மண் அது. கூலி உயர்வு, குத்தகைப் பாக்கி, வெள்ள நிவாரணம் என்று வருடம் முழுக்கக் கூட நின்றவரின் முகத்தை அங்கே போஸ்டர் ஒட்டி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

உடனே மறுப்பு வரும். "அது கூட்டணி ஓட்டு சார். சின்னம் ஜெயிச்சது, ஆள் ஜெயிக்கல." சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே தேர்தலில் அதே கூட்டணியில் நின்று வென்ற கோடீஸ்வரர்களுக்கு மட்டும் எது வென்றது? அவர்களுக்கும் சின்னமும் கூட்டணியும்தானே? ஏழை வென்றால் சின்னத்தின் பெருமை, பணக்காரர் வென்றால் அவருடைய 'செல்வாக்கு' என்று இரண்டு தராசு வைத்திருக்கிறோம். சின்னம்தான் வெல்கிறது என்றால், அதை யார் கையில் கொடுத்தாலும் வெல்ல வேண்டும். பிறகு ஏன் பணம் உள்ளவர் கையில் மட்டும் கொடுக்கிறீர்கள்?

கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவரின் கதை வேறு. அங்கே தோல்வி ஏறக்குறைய நாட்காட்டியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2021 தேர்தலில் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 22. அதற்குப் பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். பிரசாரம் ஏப்ரல் 4 மாலையோடு முடிந்தது. ஆக, பதின்மூன்று நாள். ஒரு தொகுதியில் இரண்டு, இரண்டரை லட்சம் வாக்காளர்கள். நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் பேரையாவது பார்த்து, "நான் இன்னார், என் சின்னம் இது" என்று சொல்லி முடிக்க வேண்டும். உதயசூரியனையும் இரட்டை இலையையும் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வாக்காளரிடம் இவர் பதின்மூன்று நாளில் ஒரு தண்ணீர்க் குழாயையோ தையல் இயந்திரத்தையோ பதியவைக்க வேண்டும், அதுவும் நெல் அறுத்துப்போட்ட களத்தை விட்டுவிட்டு வந்து. வாக்கு இயந்திரத்திலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பெயர்கள்தான் முதலில் வரும். சுயேச்சையின் பெயர் கடைசித் தொகுப்பில் கிடக்கும். மனுவில் கட்சிக்காரருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், இவருக்குப் பத்துப் பேர் வேண்டும். இத்தனையும் தாண்டி அவர் வாங்கும் சில நூறு ஓட்டுகளைக் காட்டி, "பார், மக்கள் ஏற்கவில்லை" என்கிறோம்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் 2022 முதல் 40 லட்சம் ரூபாய். 2024-25இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், சட்டம் 'இதற்கு மேல் செலவு செய்யாதே' என்று சொல்லும் தொகை, சுமார் எழுபது ஏக்கரின் ஒரு போக மொத்த விளைச்சல். உழவுக்கூலி, உரம், அறுப்பு எதையும் கழிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

இந்த வரம்பும் தனிமனிதருக்குத்தான். கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. தொகுதியில் கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்கலாம் என்று 1974இல் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களுக்குள் அவசரச் சட்டம் கொண்டுவந்து அன்றைய மத்திய அரசு அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. பிறகு சட்டம் கொஞ்சம் இறுக்கப்பட்டாலும், நட்சத்திரப் பேச்சாளர் பறந்து வரும் ஹெலிகாப்டர் செலவு இன்றைக்கும் வேட்பாளர் தலையில் ஏறாது. சுயேச்சை ஊர் சுற்றும் ஆட்டோவின் வாடகை மட்டும் பைசா சுத்தமாக ஏறும்.

"ஓட்டுக்குத் துட்டு வாங்குற சனம்" என்ற பழிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பண விநியோகப் புகாரால் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. நோய் இருப்பது உண்மை. ஆனால் இரண்டு பக்கமும் கொடுக்கும் தொகுதியில் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்கிறது. வாங்கிய காசுக்கெல்லாம் ஓட்டு விழுவதில்லை என்று கொடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். எதிராளி கொடுத்துவிடுவானோ என்ற பயத்தில்தான் கொடுக்கிறார். அந்தப் பயத்துக்கு ஏழை வேட்பாளரைப் பலிகொடுத்துவிட்டு, பழியை வாக்காளர் மீது போடுகிறார்கள்.

ஜெயிக்கமாட்டோம் என்று தெரிந்தே நிற்பதும் வெட்டி வேலையில்லை. 1996இல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். தங்கள் கோரிக்கைகளைக் காதில் போட்டுக்கொள்ளாத அரசுக்கு உறைக்க வேண்டுமென்று விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதாவது சொந்த ஓட்டைக்கூடத் தங்களுக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள்! ஓட்டு வாங்க அவர்கள் வரவில்லை. அவர்களுக்கு டெல்லி சொன்ன பதில் என்ன தெரியுமா? அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. பின்னர் அது 10,000 ஆனது. குறையைக் கேட்பதைவிடக் கதவை ஒடுக்குவது சுலபம்.

தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 2019 மக்களவைத் தேர்தலில் இதே உத்தியைக் கையிலெடுத்தவர்களுக்கு வேறு பலன் கிடைத்தது. மஞ்சளுக்கும் சோளத்துக்கும் விலை கேட்டு விவசாயிகள் நிற்க, மொத்தம் 185 வேட்பாளர்கள். வாக்குச்சாவடிக்குப் பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாகக் கோர்க்க வேண்டி வந்தது. பதவியிலிருந்த எம்.பி. கவிதா, அன்றைய முதல்வரின் மகள், தோற்றார். வென்ற பா.ஜ.க. வேட்பாளர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவதாகப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வாரியம் 2023இல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தையே தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. கவிதா தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. வாரியம் வந்ததால் விலை வந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். ஆனாலும் டெபாசிட் இழந்தவர்கள் கேட்டதை, வென்றவர்கள் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று.

என் வாதத்துக்கு உண்மையான இடைஞ்சல் நாராயணசாமி நாயுடு. எழுபதுகளில் மின்கட்டண உயர்வுக்கு எதிராகக் கோவையை மாட்டுவண்டிகளால் திணறடித்த தலைவர். அவர் பின்னால் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். 1982இல் கட்சி தொடங்கினார். 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்குப் போன கோவில்பட்டியில் இறந்தார். கட்சி தழைக்கவில்லை. போராட்டத்துக்கு வந்த விவசாயி ஓட்டுச்சாவடியில் கட்சிக்காரனாகவும் சாதிக்காரனாகவும் மாறிவிட்டான் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த இயக்கம் முதன்மையாகப் பம்புசெட்டு வைத்திருந்தவர்களின் இயக்கம் என்பது. கிணறே இல்லாத கூலிக்காரருக்கு மின்கட்டணத்தில் என்ன அக்கறை இருக்க முடியும்? 'விவசாயி' என்று பொதுவாகச் சொல்லும்போது நூறு ஏக்கர்காரரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். வேட்புமனுவில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதும் கோடீஸ்வரர்களுக்கு அந்தச் சொல் ரொம்ப வசதி. நாயுடுவின் தோல்வியைச் சின்ன விவசாயியின் தலையில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"இரண்டு ஏக்கர்காரருக்குச் சட்டசபையில் என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் ஐப்பசி மழையில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் போய் நிற்கட்டும். அறுத்த நெல் தார்ப்பாயின் கீழ் முளைவிட்டுக் கிடக்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போகும், மத்தியக் குழு வந்து கையில் அள்ளிப் பார்க்கும், உத்தரவு வருவதற்குள் பாதி நெல் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கும். நடுவே சாக்கு இல்லை, லாரி வரவில்லை, சிப்பத்துக்கு இவ்வளவு வெட்டினால்தான் எடை. இதில் ஒவ்வொரு முடிச்சும் எங்கே விழுகிறது, யார் கையில் அவிழ்கிறது என்று அவருக்கு மனப்பாடம். மானியக் கோரிக்கையின்போது உணவுத் துறை அமைச்சரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். பட்டப்படிப்பும் பெட்ரோல் பங்க்கும் வைத்திருக்கும் உறுப்பினருக்கு இது யாரோ எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

"இருக்குறவன் திருடமாட்டான்" என்ற பழமொழிபோன்ற பேச்சைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. கடந்த முப்பது வருடச் செய்தித்தாள்களே போதும்.

கடைசியாக, கட்சி அலுவலகங்களுக்கு. 2021 தேர்தலுக்கு விருப்ப மனுக் கட்டணமாக தி.மு.க. பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாயும் அ.தி.மு.க. 15,000 ரூபாயும் வாங்கின. இரண்டுமே அரசு கேட்கும் டெபாசிட்டைவிட அதிகம். ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால் டெபாசிட் திரும்பி வரும். வாக்காளர் முகத்தையே பார்க்கும் முன் கட்டும் இந்தப் பணத்துக்கு அப்படி ஒரு கணக்குக்கூடக் கிடையாது. கட்டிவிட்டு நேர்காணலுக்குப் போனால் அங்கே கேட்கப்படும் முக்கியமான கேள்வி எதுவென்று ஒவ்வொரு ஒன்றியச் செயலாளருக்கும் தெரியும். "ஏழையை நிறுத்தினால் மக்கள் போடமாட்டார்கள்" என்று உள்ளே உட்கார்ந்து சொல்பவர்களே, உங்கள் கட்சி உறுதியாக வெல்லும் தொகுதிகள் எவையென்று உங்களுக்குத் தெரியும். அவற்றில் எத்தனையில் இரண்டு ஏக்கர்காரரை நிறுத்திப் பார்த்துவிட்டு இதைச் சொல்கிறீர்கள்?