ரகசியம் கம்பெனி பீரோவுல, நிரூபிக்க வேண்டியது நோயாளியாம்!

தோழர்களே, வழக்கமான அரசியல் பதிவுகளுக்கு நடுவுல இன்னிக்கு ஒரு கோர்ட் கேஸ் பத்திப் பேசணும். நம்ம ஊர் கோர்ட் இல்ல. அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலம், சார்லஸ்டன் நகரம். அங்க நீதிபதி ரிச்சர்ட் கெர்கல் முன்னாடி பத்தாயிரத்துக்கும் மேல வழக்குகள் வந்து குவிஞ்சிருக்கு. வழக்குப் போட்டவங்கள்ல நிறைய பேர் தீயணைப்பு வீரர்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

பெட்ரோல் தீயில தண்ணி அடிச்சா அணையாது. பெட்ரோல் தண்ணியை விட லேசு, மேல மிதந்துகிட்டே எரியும். அதனால 1960-கள்ல அமெரிக்கக் கடற்படையும் 3எம் கம்பெனியும் சேர்ந்து ஒரு நுரையை உருவாக்கினாங்க. ஏ.எஃப்.எஃப்.எஃப்-னு பேரு. எரியுற எண்ணெய் மேல மெல்லிய படலமாப் பரவி காத்து படாம மூடிடும். 1967-ல ஃபாரஸ்டல்-ங்கிற விமானந்தாங்கிக் கப்பல்ல தீப்பிடிச்சு 134 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் இந்த நுரை போர்க்கப்பல், விமானப்படைத் தளம், விமான நிலையம், எண்ணெய்க் கிடங்குன்னு எல்லா இடத்துக்கும் போச்சு. உயிரைக் காப்பாத்தின பொருள்தான், அதை மறுக்கல.

பிரச்சினை அந்தப் படலத்தை உண்டாக்குற வேதிப்பொருள்ல இருக்கு. பிஃபாஸ்னு சொல்ற ஃப்ளோரின் சேர்மங்கள். எஞ்சினியரிங் முதல் வருஷ கெமிஸ்ட்ரியை நான் அரியர் வச்சுத்தான் கிளியர் பண்ணேன், ஆனாலும் கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பு மட்டும் ஞாபகம் இருக்கு. கரிம வேதியியல்லயே ரொம்ப வலுவான பிணைப்புகள்ல அது ஒண்ணு. வெயில், மழை, பாக்டீரியா எதுவும் அதை உடைக்காது. மண்ணுல கொட்டினா நிலத்தடி நீருக்குப் போகும். உடம்புக்குள்ள போனா ரத்தத்துல வருஷக்கணக்கா தங்கும். ஆஸ்திரேலியாவுல 285 தீயணைப்பு வீரர்களை வச்சு ஒரு ஆய்வு நடத்தி 2022-ல வெளியிட்டாங்க. ஒரு வருஷம் தொடர்ந்து ரத்தமோ பிளாஸ்மாவோ தானம் கொடுத்தவங்களுக்கு இந்த அளவு குறைஞ்சுச்சாம். அதாவது இதை வெளியேத்தணும்னா ரத்தத்தையே எடுக்க வேண்டியிருக்கு. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு இல்ல?

இந்த நுரையை நிஜத் தீயில மட்டும் அடிக்கல. பயிற்சின்னு சொல்லி வாராவாரம் அடிச்சாங்க. முழங்கால் அளவு நுரைக்குள்ள நின்னாங்க, வெறுங்கையால கலந்தாங்க. "சோப்புத் தண்ணி மாதிரிதான்"னு சொல்லித்தான் கொடுத்தாங்கன்னு பல வீரர்கள் சொல்லியிருக்காங்க. பயிற்சி முடிஞ்சதும் அப்படியே தரையில கழுவி விட்டுட்டாங்க. அந்தத் தண்ணிதான் பக்கத்து ஊர்க் கிணத்துக்குப் போச்சு.

சரி, கம்பெனிக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும்! மினசோட்டா மாநில அரசு 2010-ல 3எம் மேல வழக்குப் போட்டு, 2018-ல 85 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. அந்த வழக்குல கம்பெனியோட உள் ஆவணங்கள் வெளிய வந்துச்சு. 1975-லயே வெளி விஞ்ஞானிகள் ரெண்டு பேர் 3எம்-ஐத் தொடர்புகொண்டு, சாதாரண மக்களோட ரத்தத்துல ஃப்ளோரின் சேர்மம் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அடுத்து தன்னோட தொழிலாளர்கள் ரத்தத்துலயே கம்பெனி பார்த்திருக்கு. 1978-ல குரங்குகளுக்குக் கொடுத்து சோதனை பண்ணதுல அதிக அளவு கொடுத்த குரங்குகள் செத்துப்போச்சு. இதுல முக்கியமான பி.எஃப்.ஓ.எஸ்-ஐ நிறுத்தப்போறோம்னு கம்பெனி அறிவிச்சது 2000-ல. நடுவுல போன இருபது வருஷத்துக்கு மேல எத்தனை பேர் அந்த நுரையில நின்னிருப்பாங்க, நீங்களே யோசிங்க.

இப்ப வழக்குக்கு வருவோம். 2018 டிசம்பர்ல நாடு முழுக்க இருந்த நுரை வழக்குகளை எல்லாம் சார்லஸ்டன் கோர்ட்டுக்கு மாத்தினாங்க. கம்பெனிகள் எடுத்த முதல் கேடயம் என்ன தெரியுமா? "ராணுவம் சொன்ன ஸ்பெக் படி செஞ்சு கொடுத்தோம், எங்க மேல கேஸ் போட முடியாது." அரசு ஒப்பந்தக்காரர் பாதுகாப்புன்னு அமெரிக்கச் சட்டத்துல நிஜமாவே ஒண்ணு இருக்கு. ஆனா அரசுக்குத் தெரியாத ஆபத்து ஒப்பந்தக்காரருக்குத் தெரிஞ்சிருந்தா அதைச் சொல்லியிருக்கணும்னு அதுக்கு நிபந்தனையும் இருக்கு. 2022 செப்டம்பர்ல நீதிபதி கெர்கல் இந்த வாதத்தை அப்படியே ஏத்துக்க மறுத்துட்டாரு. அதுதான் திருப்புமுனை. 2023 ஜூன்ல ஃபுளோரிடாவோட ஸ்டூவர்ட் நகரம் போட்ட வழக்கு விசாரணைக்கு வர்ற நேரத்துல 3எம் சமரசத்துக்கு வந்துச்சு. குடிநீர் வழங்குற அமைப்புகளுக்குக் குறைஞ்சது 1,030 கோடி டாலர், பல வருஷத் தவணையில. டூபாண்ட் வகையறா 118.5 கோடி. அடுத்த வருஷம் டைக்கோ 75 கோடி, பி.ஏ.எஸ்.எஃப் 31.65 கோடி. 3எம் சமரசத்துல "தப்பை ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல"ன்னு ஒரு வரியும் மறக்காம சேர்த்துக்கிச்சு.

இந்தச் செய்தியைப் பார்த்துட்டு நிறைய பேர் "நீதி கிடைச்சிருச்சு"ன்னு ஷேர் பண்ணாங்க. இல்லீங்க. அந்தப் பணம் தண்ணி சுத்திகரிக்கிறதுக்கு. நுரையில நின்னு சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பை புற்றுநோய், தைராய்டு நோய்னு வந்தவங்களோட கோரிக்கை அந்த சமரசத்துல சேரவே இல்ல. அது தனி வரிசை.

ஏன் தண்ணிக்கு முதல்ல, மனுஷனுக்குக் கடைசியில? என் பார்வையில பதில் ரொம்ப எளிது. தண்ணியை எடுத்து லேபுல கொடுத்தா நம்பர் வந்துரும். 2024 ஏப்ரல்ல அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு பி.எஃப்.ஓ.எஸ், பி.எஃப்.ஓ.ஏ ரெண்டுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம்னு வரம்பு வச்சுச்சு. லட்சம் கோடியில நாலு பங்கு. அதைத் தாண்டினா கேஸ் பாதி முடிஞ்சது. மனுஷ உடம்புக்கு அப்படி இல்ல. 1980-கள்ல அடிச்ச நுரை எந்தக் கம்பெனியோடது? எந்த ட்ரம்? எத்தனை தடவை? உங்க அப்பாவுக்குப் புற்றுநோய் இருந்துச்சா? நீங்க சிகரெட் பிடிப்பீங்களா? இத்தனைக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022-ல தீயணைப்புத் தொழிலையும், 2023-ல பி.எஃப்.ஓ.ஏ-வையும் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல சேர்த்திருக்கு. ஆனா கோர்ட்ல "உங்களுக்கு வந்தது இதனாலதான்"னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா காட்டணும். ராணுவ வீரரா இருந்தா இன்னும் மோசம். பணியில ஏற்பட்ட பாதிப்புக்கு அரசு மேல வழக்குப் போட முடியாதுன்னு 1950-லயே அவங்க உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திருச்சு. கம்பெனி மட்டும்தான் மிச்சம்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. டார்க் வாட்டர்ஸ் படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். மேற்கு வர்ஜீனியாவுல டூபாண்ட் ஆலை. அங்க பிரச்சினை நுரை இல்ல, டெஃப்லான் தயாரிக்கப் பயன்படுத்தின பி.எஃப்.ஓ.ஏ. வக்கீல் ராப் பிலாட் 2004-ல ஒரு ஒப்பந்தம் வாங்கினாரு. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட மூணு நிபுணர்கள் ஆராயணும், செலவு கம்பெனியோடது. நோய்க்கும் ரசாயனத்துக்கும் தொடர்பு இருக்கலாம்னு அவங்க சொல்லிட்டா, பொதுவா இது அந்த நோயை உண்டாக்குமாங்கிற கேள்வியை கம்பெனி மறுபடி கிளப்பக்கூடாது. சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்தாங்க. 2012-ல ஆறு நோய்களுக்குத் தொடர்பு இருக்குன்னு முடிவு வந்துச்சு. 2017-ல சுமார் 3,550 பேரோட வழக்குகள் 67.1 கோடி டாலருக்கு முடிஞ்சது. எட்டு வருஷம் காத்திருந்தது கொடுமைதான், அதுக்குள்ள இறந்தவங்களும் உண்டு. ஆனா நிரூபிக்கிற பாரத்துல பாதியாவது கம்பெனி தோளுக்கு மாறுச்சு. நுரை வழக்குலயும் அதேதான் நடக்கணும். எழுபதுகள்லயே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு வாயைத் திறக்காதவங்க, இப்ப நோயாளியைப் பார்த்து "ரெக்கார்ட் எங்க?"ன்னு கேக்கிற தகுதியை இழந்துட்டாங்க.

"அப்ப நோய் வந்த எல்லாருக்கும் பணம் கொடுத்துடலாமா?"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல வருவாரு, தெரியும். கேள்வி நியாயம்தான். அந்த ஊர் டிவியில வக்கீல் விளம்பரம் பார்த்து வந்து சேர்ந்த பொய்க் கோரிக்கைகளும் இருக்கும், அதைச் சலிக்கத்தான் வேணும். சலிக்கிற செலவை யார் ஏத்துக்கிறதுங்கிறதுதான் என் கேள்வி.

கடைசியா நம்ம பக்கம் ஒரு விஷயம். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில பி.எஃப்.ஓ.எஸ்-ஐ சேர்த்தது 2009-ல. 2020 அக்டோபர்ல ஒன்றிய அமைச்சரவை அந்த உடன்படிக்கையோட ஏழு வேதிப்பொருள்களுக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. அந்த ஏழுல பி.எஃப்.ஓ.எஸ் இல்ல. எண்ணெய் ஆலை, துறைமுகம், விமான நிலையம் எல்லாம் நம்மகிட்டயும் இருக்கு, தீயணைப்பு வீரர்களும் இருக்காங்க. தடை வர்றது வரட்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு நிலையத்துலயும் ஒரு ரெஜிஸ்டர் போடச் சொல்லிக் கேப்போம்: எந்தக் கம்பெனி நுரை, எந்த ட்ரம், எந்தத் தேதி, யார் யார் அடிச்சாங்க. நாலு காலம் போட்ட ஒரு நோட்டு, அவ்வளவுதான். சார்லஸ்டன்ல வழக்குப் போட்டிருக்கிற பல பேர்கிட்ட இல்லாதது அந்த நோட்டுதான்.